அம்மாவின் அடுப்படியில் கொரிய மொழிப் பாடம்!

செந்துறை என்றதும் நினைவுக்கு வருவது எது? முந்திரிதான்!

அரியலூர் மாவட்டத்தில், விழுப்புரத்துக்கும் திருச்சிக்கும் நடுவே, கார்டு லைன் ரெயில் பாதையில் இருக்கும் ஊர் செந்துறை. அந்தப் பக்கம் எங்கும் முந்திரித் தோப்புகள். கொட்டையை வறுத்து, ஓட்டை உடைத்து, பருப்பை எடுப்பது அங்கே பல பெண்களுக்குப் பிழைப்பு.

கொட்டையை அளவுக்கு மீறி வறுத்தால் பருப்பு கருகிவிடும். குறைத்து வறுத்தால் ஓட்டில் இருக்கும் எண்ணெய் கையைப் புண்ணாக்கிவிடும். "வறு" என்ற ஒரு சொல்லில் கூலியும் இருக்கிறது, காயமும் இருக்கிறது.

அந்தச் செந்துறையில் ஒரு வீட்டை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். அம்மா முந்திரி உடைக்கப் போகிறாள். மகள் ஓட்டல் சமையல் படித்தவள். ஸ்ரீபெரும்புதூர் பக்கம் ஒரு கொரிய ஓட்டலில் அவளுக்கு வேலை கிடைக்கிறது. "3 மாதம் பார்ப்போம். வேலை சரியாக இருந்தால் நிரந்தரம். இல்லாவிட்டால் ஊருக்குப் போகலாம்" என்று சொல்லி எடுத்திருக்கிறார்கள்.

முதல் வாரத்திலேயே தகராறு!

கீரை போச்சு!

தலைமைச் சமையல்காரர் கொரிய நாட்டுக்காரர். ஒரு கூடைக் கீரையை அவள் முன்னால் வைத்தார். "தெச்சிதா" என்ற வேலையைச் செய்யும்படி சொன்னார்.

அவளிடம் ஓர் ஆங்கிலப் புத்தகம் இருந்தது. அதில் அந்தச் சொல்லுக்கு "பாயில்" என்று பொருள் போட்டிருந்தது. பாயில் என்றால் வேக வைப்பது தானே? அம்மா கீரை வேக வைப்பதை அவள் பார்த்திருக்கிறாள். மத்தால் கடைய வரும் அளவுக்குக் குழைய வேக வைத்தாள்.

சமையல்காரர் வந்து பானையைப் பார்த்தார். தலையில் கை வைத்துக்கொண்டார். கூடைக் கீரையும் குப்பைக்குப் போனது.

தவறு எங்கே? பெண்ணிடமா? இல்லை. அவள் கையில் இருந்த புத்தகத்தில்!

"தெச்சிதா" என்றால் கொதிக்கும் நீரில் போட்டு, ஒரு நிமிடத்துக்குள் வெளியே எடுத்துவிடுவது. எடுத்த உடனே குளிர்ந்த நீரில் அலச வேண்டும். பிறகு கையால் பிழிய வேண்டும். கீரை பச்சை நிறம் மாறாமல், கடித்தால் பல்லுக்குத் தட்டுப்பட வேண்டும். கொரியர் கீரையைக் கடைவது இல்லை. நல்லெண்ணெய், பூண்டு, சோயா சாறு, எள் சேர்த்துப் பிசறித் தின்பார்கள். நம் நல்லெண்ணெய் போன்றதுதான் அதுவும். ஆனால் எள்ளை வறுத்துவிட்டு ஆட்டுவதால் மணம் தூக்கலாக இருக்கும்.

"வெந்நீரில் காட்டி எடு" என்று யாராவது தமிழில் சொல்லி இருந்தால் அந்தப் பெண்ணுக்கு ஒரு விநாடியில் புரிந்திருக்கும்!

காரோடு வந்த சமையல்

கொரியாவுக்கும் தமிழ்நாட்டுக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்பீர்கள்.

1996-இல் ஹூண்டாய் என்ற கொரிய நிறுவனம் ஸ்ரீபெரும்புதூரை அடுத்த இருங்காட்டுக்கோட்டையில் கார் ஆலை அமைக்க வந்தது. 1998-இல் அங்கிருந்து சான்ட்ரோ கார் வெளிவந்தது. அந்த ஆலைக்கு உதிரி பாகம் செய்து கொடுக்கும் கொரியக் கம்பெனிகளும் பின்னாலேயே வந்தன. 2007-இல் சாம்சங் ஆலையும் ஸ்ரீபெரும்புதூருக்கு வந்தது.

ஆட்கள் வந்தால் பசியும் கூட வரும் அல்லவா? சென்னையிலும் ஸ்ரீபெரும்புதூர் வட்டாரத்திலும் கொரிய ஓட்டல்கள் முளைத்தன. அங்கே காய் நறுக்குகிறவர்களும், பாத்திரம் தேய்க்கிறவர்களும், அடுப்பில் நிற்கிறவர்களும் பெரும்பாலும் நம் ஊர்ப் பிள்ளைகள்தான்.

சென்னையில் 2006-இல் தொடங்கிய இன்கோ மையம் கொரிய மொழி வகுப்பு நடத்துகிறது. படிக்கப் போகிறவர்களில் சினிமா, பாட்டு ஆசையில் போகிறவர்கள் உண்டு. வயிற்றுப் பிழைப்புக்காகப் போகிறவர்களும் உண்டு. இந்தக் கட்டுரை இரண்டாவது வகையினருக்கு.

ஒரு காலைப் பொழுது போதும்!

முதலில் எழுத்தைப் பார்ப்போம். பயப்பட வேண்டாம்.

கொரியாவை ஆண்ட சேசோங் என்ற அரசர் இந்த எழுத்தை 1446-இல் நாட்டுக்கு அறிவித்தார். அதற்கு முன் அங்கே சீன எழுத்துத்தான் புழக்கத்தில் இருந்தது. ஆயிரக்கணக்கான எழுத்துகளைப் படித்து முடிக்க உழவனுக்கு ஏது நேரம்? எல்லோரும் எழுதப் படிக்க வேண்டும் என்பதற்காகவே புது எழுத்து செய்தார் அரசர். கெட்டிக்காரனுக்கு ஒரு காலைப் பொழுது போதும், மந்தமானவனுக்கும் பத்து நாள் போதும் என்று அந்தக் காலத்திலேயே பெருமையாகச் சொல்லி வைத்தார்கள்.

எழுத்தறிவுப் பணிக்கு யுனெஸ்கோ கொடுக்கும் பரிசு ஒன்று அந்த அரசர் பெயரில் இருக்கிறது. 1989-இல் ஏற்படுத்தப்பட்டது அது.

இன்று அடிப்படை எழுத்துகள் 24. மெய் 14, உயிர் 10. உயிரும் மெய்யும் சேர்ந்து ஒரு கட்டமாக நிற்கும். நம் உயிர்மெய் மாதிரி! "ம்" ஒலிக்கு ஒரு சின்னச் சதுரம். அது மூடிய வாயின் வடிவம். மறக்க முடியுமா?

இன்னொரு வேடிக்கை. தமிழில் "க" ஒன்றுதான். "கல்" என்னும்போது ஓர் ஒலி. "அங்கே" என்னும்போது வேறோர் ஒலி. வடநாட்டுக்காரர் இதைக் கண்டு திணறுவார்கள். கொரிய எழுத்தும் அப்படியே! இறைச்சிக்கு அவர்கள் சொல் "கோகி". முதல் "கோ" வன்மையாக ஒலிக்கும். பின்னால் வரும் "கி" மெலிந்து ஒலிக்கும். எழுத்து மட்டும் ஒன்றே. அழுத்திச் சொல்ல வேண்டுமானால் அதே எழுத்தை இரட்டித்துப் போடுவார்கள். நாம் "அக்கா" எழுதுவது போல.

"நாக்கு" என்று சொல்லிப் பாருங்கள். கடைசி "உ" உதடு குவியாமல் பாதியாக வருகிறதே, அந்த ஒலிக்கும் கொரிய மொழியில் தனி எழுத்து இருக்கிறது. ஆங்கிலேயர் அதைச் சொல்லப் படாத பாடு படுகிறார்கள். நமக்கு அது பிறவிச் சொத்து.

வினை கடைசியில்

"மீனை எண்ணெயில் பொரி." இது தமிழ். ஆங்கிலத்தில் சொன்னால் பொரிப்பது முதலில் வந்துவிடும். மீன் பிறகு வரும். கொரிய மொழியில்? "செங்சொன் உல் கிரும் எ த்விகிதா." செங்சொன் என்றால் மீன். உல் என்பது நம் "ஐ". கிரும் என்றால் எண்ணெய். எ என்பது நம் "இல்". த்விகிதா என்றால் பொரிப்பது. வரிசை கொஞ்சமும் மாறவில்லை!

இதைப் பார்த்து வியந்தவர்கள் முன்பே உண்டு. ஹோமர் ஹல்பர்ட் என்ற அமெரிக்கர் கொரியாவில் பல ஆண்டுகள் வாழ்ந்தவர். கொரிய மொழியையும் திராவிட மொழிகளையும் ஒப்பிட்டு 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஓர் இலக்கண நூலே எழுதினார். இரண்டும் உறவு என்பது அவர் எண்ணம். ஆனால் இன்றைய மொழி ஆராய்ச்சியாளர்கள் அதை ஏற்கவில்லை. ஜப்பான் மொழியிலும் துருக்கி மொழியிலும் கூட வினை கடைசியில்தான் வருகிறது. அவர்களும் "அம்மா, அப்பா" போலச் சொல்கிறார்களே என்று சிலர் துள்ளிக் குதிப்பார்கள். குழந்தை வாயில் எளிதாக வரும் ஒலிகள் அவை. அதை வைத்துச் சொந்தம் கொண்டாட வேண்டாம்.

உறவு இல்லாமல் இருக்கட்டும். கற்பதற்கு உதவி செய்கிறதா? செய்கிறது. அது போதும்.

குப்தா வடநாட்டுக்காரர் அல்ல!

"குப்தா" என்று கொரியர் சொன்னால் யாரையோ கூப்பிடுகிறார் என்று நினைத்துவிடாதீர்கள். சுடுவதற்குத்தான் அங்கே அந்தப் பெயர்.

மீனைத் தணலில் வாட்டினால் குப்தா. சர்க்கரைவள்ளிக் கிழங்கைச் சுட்டால் குப்தா. செங்கல் சுட்டாலும் குப்தா. மண்பாண்டம் சூளையில் வைத்தாலும் குப்தா. ஆங்கிலத்தில் இதற்கெல்லாம் வேறு வேறு சொல் தேட வேண்டும். நாம்? கிழங்கு சுடுகிறோம், செங்கல் சுடுகிறோம், சட்டி பானையும் சுடுகிறோம். ஒரே சொல்!

"த்விகிதா" இன்னும் அதிசயம். எண்ணெயில் பொரிப்பதற்கும் அதே சொல். தானியத்தைச் சூட்டில் வெடிக்கவிட்டுப் பொரியாக்குவதற்கும் அதே சொல். நம் "பொரி" என்ற சொல்லும் அப்பம் பொரிக்கும். அவல் பொரியும் ஆகும். எங்கேயோ கடல் தாண்டி இருப்பவனுக்கு இந்த எண்ணம் எப்படி வந்தது?

"சொத்தா" என்றால் குழம்பையோ கஞ்சியையோ துழாவுவது. படகைத் துழாவிச் செலுத்துவதற்கும் அதுவே பெயர். களி கிண்டும் கட்டையும் துடுப்பு, படகு தள்ளும் கட்டையும் துடுப்பு என்று சொல்லும் நமக்கு இதை விளக்க வேண்டுமா?

"ச்சிதா" என்றால் ஆவியில் அவிப்பது. சித்திரை மாதத்து அரியலூர் வெயிலில் "அவிச்சு எடுக்குதே" என்கிறோம் அல்லவா? அவர்களும் புழுக்கம் தாங்காவிட்டால் அந்தச் சொல்லைத்தான் சொல்கிறார்கள்.

"பொக்தா" என்றால் வறுப்பது. எள்ளை வறுத்தாலும் பொக்தா. காயை வதக்கினாலும் பொக்தா. ஒருவரைப் போட்டுத் தொல்லை செய்வதற்கும் அதே சொல்! "மேனேஜர் வறுத்து எடுத்துவிட்டார்" என்று நம் பிள்ளைகள் சொல்வதைக் கொரியர் அப்படியே புரிந்துகொள்வார்.

"சூதா" என்று ஒன்று. கஞ்சி காய்ச்சுவது, களி போன்றவற்றைக் கிண்டுவது எல்லாம் அதில் அடங்கும். பையன் பரீட்சையில் கோட்டைவிட்டால் "கஞ்சி காய்ச்சினான்" என்பது அவர்கள் பேச்சு.

எல்லாம் ஒன்றுக்கு ஒன்று பொருந்தும் என்று எண்ணிவிடக் கூடாது. சில இடங்களில் நாம் ஒன்றாகச் சொல்வதை அவர்கள் இரண்டாகச் சொல்கிறார்கள். இட்லியும் அவிக்கிறோம்; முட்டையும் அவிக்கிறோம்; நெல்லும் அவிக்கிறோம். அங்கே அது செல்லாது. ஆவியில் வேகும் இட்லி "ச்சிதா". நீருக்குள் கிடந்து வேகும் முட்டை "சம்தா". அழுக்குத் துணியை வெந்நீரில் போட்டு அவித்தாலும் சம்தா. ரசம் மாதிரி நீரையும் சேர்த்துச் சாப்பிடுவதாக இருந்தால் "குரிதா". நீரை இறுத்துக் கொட்டுவதா, குடிப்பதா? அதைப் பார்த்துச் சொல்லை எடுக்க வேண்டும். "பாயில்" என்று படித்தவன் இந்த மூன்றிலும் தடுமாறுவான். போதாக்குறைக்குத் தெச்சிதா வேறு!

தோசைக்காரர்களுக்கு ஒரு சொல்: "புச்சிதா." சட்டியில் எண்ணெய் விட்டு மாவைப் பரப்பிச் சுடுவது. வெங்காயத்தாள் போட்டு அவர்கள் சுடுவது நம் அடைக்குத் தூரத்துச் சொந்தம் போல இருக்கும்.

சோற்றை "கட்டுகிறார்கள்"

சோறு ஆக்குவதற்கு அவர்கள் சொல்லும் சொல் "சித்தா". வீடு கட்டுவதற்கும் சித்தா. துணி தைப்பதற்கும் சித்தா. மருந்து கூட்டுவதற்கும், பயிர் வைப்பதற்கும், பாட்டு இயற்றுவதற்கும், பிள்ளைக்குப் பெயர் வைப்பதற்கும் சித்தா. உயிர் வாழத் தேவையானவை எல்லாம் ஒரு சொல்லில் வந்துவிட்டன! நாமும் குழம்பு "வைக்கிறோம்", பொரியல் "செய்கிறோம்". ஆனால் சோறு மட்டும் "ஆக்குகிறோம்". அந்தப் பெருமை சோற்றுக்கு இரண்டு ஊரிலும் இருக்கிறது.

ஆனால் அவர்கள் கஞ்சி வடிப்பது இல்லை. அளந்து நீர் வைத்து, வெந்ததும் தீயை அணைத்து, மூடியைத் திறக்காமல் விடுவார்கள். அதற்கு "தும்" போடுவது என்று பெயர். பிரியாணிக்குத் "தம்" போடுகிறோமே, அது மாதிரி. ஒலி ஒத்து வருவது தற்செயல்தான். சேதியைச் சொல்லாமல் இழுத்தடிப்பவனையும் "தும் போடுகிறான்" என்பார்கள்.

கிம்ச்சி என்ற ஊறுகாயைச் சொல்லாமல் விட்டால் கொரியர் கோபித்துக்கொள்வார்கள். முட்டைக்கோசு இனத்தைச் சேர்ந்த கீரையை உப்பில் போட்டுத் துவள வைப்பது "சொரிதா". பிறகு மிளகாய்ப் பொடி, பூண்டு, இஞ்சி சேர்ந்த கலவையைப் பூசிப் பிசறுவார்கள். எல்லாம் சேர்ந்த முழு வேலைக்குப் பெயர் "தம்குதா". நாம் ஊறுகாய் "சமைப்பது" இல்லை; "போடுகிறோம்". அவர்களும் கிம்ச்சியைச் "சமைப்பது" இல்லை, "ஊறப் போடுகிறார்கள்". குளிர் காலத்துக்கு முன் அக்கம்பக்கத்தார் கூடிக் கிம்ச்சி போடும் வழக்கத்தை 2013-இல் யுனெஸ்கோ மனித குலத்தின் பண்பாட்டுச் சொத்துப் பட்டியலில் சேர்த்தது. சித்திரையில் மாங்காய் ஊறுகாய் போட நம் பெண்கள் கூடுகிறார்களே, அதை யார் பட்டியலில் சேர்ப்பது?

ஒரு "யோ" போதும்

இங்கேதான் பலர் வேலையைக் கெடுத்துக்கொள்கிறார்கள். ஆகையால் கவனமாகப் படியுங்கள்.

"தா" என்று முடியும் சொற்கள் அகராதியில் இருப்பவை. யாரும் அப்படியே ஏவுவது இல்லை. தலைமைச் சமையல்காரர் சின்னப் பையனைப் பார்த்து "பொக்கா" என்பார். "வறு" என்று பொருள். பையன் அதைக் காதில் வாங்கிக்கொண்டு, மறுநாள் பெரியவர் ஒருவரிடம் "பொக்கா" என்று சொன்னால்? நம் ஊரில் அறுபது வயதுக்காரரைப் பார்த்து "டேய், வறு" என்று சொன்ன கதைதான்!

பெரியவரிடம் "பொக்குசெயோ" என்று சொல்ல வேண்டும். அந்தக் கடைசி "யோ"வில் மரியாதை இருக்கிறது. செந்துறைப் பக்கம் "வறுங்க" என்கிறோமே, அந்த "ங்க" போல. மரியாதைக்கென்று வினையையே மாற்றிச் சொல்லும் பழக்கம் ஆங்கிலத்தில் இல்லை. தமிழ்ப் பிள்ளைக்கோ தாய்ப்பாலோடு வந்த பழக்கம். வேண்டியது எல்லாம் ஒன்றுதான்: நம்மிடம் மற்றவர் எப்படிப் பேசுகிறார் என்பதை அப்படியே திருப்பிப் பேசாமல், நாம் அவரிடம் எப்படிப் பேச வேண்டும் என்று தனியாகக் கேட்டுக்கொள்ள வேண்டும்.

"சாப்பிட்டீங்களா?" என்று கேட்டுத்தான் அவர்களும் ஒருவரை ஒருவர் நலம் விசாரிக்கிறார்கள். அதை முதலில் கற்றுக்கொண்டு போகிறவனுக்குச் சமையல் அறையில் பாதி வரவேற்பு உறுதி.

கைமணம்

கீரையைப் பிசறுவதற்கு "முச்சிதா" என்று பெயர். சோற்றில் காயும் மிளகாய் விழுதும் போட்டுப் பிசைவது "பிபிதா". முச்சிதா வேலைக்குக் கரண்டி உதவாது, கைதான் வேண்டும். ஒரே பொருளைப் போட்டு இரண்டு பேர் பிசறினாலும் ருசி ஒன்றாக இருக்காதாம். அதற்கு அவர்கள் வைத்த பெயர் "சொன்மாத்". சொன் என்றால் கை. மாத் என்றால் ருசி. கைமணம்!

அந்தச் சொல்லை அறிந்ததும் செந்துறைப் பெண்ணுக்கு ஓர் எண்ணம் வருகிறது. ஆங்கிலப் புத்தகத்தை மூடுகிறாள். 40 பக்க நோட்டு ஒன்று வாங்குகிறாள். ஞாயிற்றுக்கிழமை ஊருக்கு வந்து, அம்மா அடுப்படியில் நிற்கும்போது பக்கத்தில் உட்கார்ந்துகொள்கிறாள். இடது பக்கம் கொரியச் சொல். வலது பக்கம், அம்மா வாயில் வருகிற சொல்.

"ஏம்மா, கீரையை நீ என்ன பண்றே?"

"ஆயறேன். தெரியலையா?"

"புளியை?"

"கரைக்கிறேன்."

"அரிசியை?"

"களையறேன். என்னடி இது, நீ படிச்ச பொண்ணா, நான் படிச்ச பொண்ணா?"

அவளுக்கு வெட்கமாக இருக்கிறது. ஆய், களை, கரை, இறு, கொழி, புடை, மசி, கடை. இந்தச் சொற்களைக் காதால் கேட்டிருக்கிறாள். வாயால் சொல்லி எத்தனை நாள் ஆயிற்று! ஓட்டல் படிப்பில் "கட் பண்ணு, பாயில் பண்ணு, ஃப்ரை பண்ணு, மிக்ஸ் பண்ணு" என்றே பழகிவிட்டாள். நான்கு "பண்ணு"வுக்குள் ஒரு சமையல் அறையே அடங்கிப் போயிற்று. கொரியச் சொல்லுக்கு ஜோடி தேடப் போனவளுக்குத் தன் வீட்டுச் சொல்லே திரும்பக் கிடைக்கிறது.

நோட்டில் "தெச்சிதா"வுக்கு எதிரே அவள் எழுதியது: "வெந்நீரில் காட்டி எடு." கீரையைக் கெடுத்த அடுத்த வாரமே அந்தக் கீரை மறுபடியும் அவள் கைக்கு வருகிறது. காட்டி எடுக்கிறாள். அலசுகிறாள். பிழிகிறாள். சமையல்காரர் ஓர் இலையை வாயில் போட்டுப் பார்க்கிறார். ஒன்றும் சொல்லாமல் நகர்கிறார். 3 மாதம் முடிய இன்னும் 11 வாரம் இருக்கிறது.

நோட்டில் ஒரே ஓர் இடம் காலியாக இருக்கிறது. அங்கே வலது பக்கத்தில் சொல் இருக்கிறது. இடது பக்கத்தில் இல்லை.

அம்மா ரசத்தை இறக்கி வைத்து, கரண்டியில் எண்ணெய் காய வைக்கிறாள். கடுகு வெடிக்கிறது. கறிவேப்பிலை சடசடக்கிறது.

"தாளிக்கிறதுக்கு உங்க கொரியாவிலே என்ன பேரு?"

"அதுக்கு அவங்ககிட்டே ஒரு பேரு இல்லம்மா. எண்ணெயைக் காய வெச்சு, அதுலே கடுகைப் போட்டு, வெடிச்ச பிறகு எடுத்துக் கொட்டறதுன்னு நீட்டி முழக்கித்தான் சொல்லணும்."

"அவ்வளவும் சொல்லி முடிக்கிறதுக்குள்ளே கடுகு கருகிப் போயிடுமே!" என்கிறாள் அம்மா, கரண்டியை ரசத்தில் கவிழ்த்தபடி.